கம்பம் ஏறுமுன் ஒரு கணம்
(வானொலித் தொடர்புக் கருவிகளும் நம் பாதுகாப்பும்)

திருவிழா என்றால் ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும்தான் மின்சார வேலை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அப்படியில்லை. இரதத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் தொண்டர்களின் கையில் வாக்கிடாக்கி இருக்கிறது. ஆலய அலுவலகத்தின் கூரைமேல் ஏரியல் நிற்கிறது. நம் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பெர்ணாம் ஆற்று வழியே கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகுகளிலும், சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களின் அலுவலகங்களிலும் வானலைக் கருவிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றைப் பொருத்துவதிலும் பழுதுபார்ப்பதிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்தவன் என்ற முறையில், ஆலய இளைஞர் அணித் தம்பிமார்களுக்கும் நிர்வாகப் பொறுப்பில் உள்ள பெரியவர்களுக்கும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கருவிகள் வீண் ஆடம்பரம் அல்ல. கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கையில் இவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. அப்போது பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் அங்கே அமெச்சூர் வானொலி நிலையம் நடத்திக்கொண்டிருந்தனர். தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி கொண்டு சென்றது அந்த நிலையம். வெள்ளமோ புயலோ வரும் வேளையில் கோபுரங்களையும் கேபிள்களையும் நம்பாமல் நேராகப் பேசக்கூடியது வானலைதான். ஆகவே கருவி வேண்டும். அதைப் பொருத்துபவரும் நலமாக வீடு திரும்ப வேண்டும்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

நம் மக்களிடம் ஒரு விந்தையைக் காண்கிறேன். ஏரியலிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத அலைகளை எண்ணி அஞ்சுகிறார்கள். ஆனால் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இடுப்பில் கயிறுகூட இல்லாமல் கூரைமேல் ஏறி, இருபதடி அலுமினியக் குழாயைத் தனியாக நிமிர்த்துவதைப் பார்த்துக்கொண்டு கீழே நிற்கிறார்கள். இத்தொழிலில் ஆளைக் கொல்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள்தாம்: அருகில் ஓடும் மின்கம்பி, உயரம், பெட்டிக்குள் தங்கியிருக்கும் மின்சாரம், இடி. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அது அவசரம்.

மின்கம்பி

முதல் எதிரி மின்கம்பி. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். சாலையோரம் கம்பத்தின் உச்சியில் செல்லும் உயரழுத்தக் கம்பிகளில் 11,000 வோல்ட் அல்லது அதற்கு மேலும் இருக்கலாம். அந்த அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். ஈரமான மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆலயத்தில் தீமிதி விழாவுக்கு முந்திய நாள் மாலை நடந்ததைச் சொல்கிறேன். இருட்டத் தொடங்கிவிட்டது. தூறல் வேறு. நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஏரியல் குழாயை நிமிர்த்தினார்கள். பாதி எழுந்த நிலையில் அது பின்பக்கமாகச் சாய்ந்து, வேலிக்கு அப்பால் சென்ற மின்கம்பியில் மோதியது. மூவர் தூக்கி எறியப்பட்டுக் காயத்தோடு தப்பினர். குழாயின் அடியைப் பிடித்திருந்தவர் உயிர் பிழைத்தார், ஆனால் வலக்கையில் இரண்டு விரல்களை இழந்தார். மறுநாள் விசாரித்தபோது தெரிந்தது இதுதான்: அங்கே கம்பி போவது எல்லாருக்கும் தெரியும். சுற்றி நின்றவர்கள் பதினைந்து பேராவது இருக்கும். “நிறுத்துங்கள்” என்று சொல்லும் பொறுப்பு மட்டும் அவர்களில் ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை.

எனவே விதியை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஏரியலோடு சேர்த்துக் கம்பத்தின் முழு நீளத்தைக் கணக்கிடுங்கள். அக்கம்பம் எந்தத் திசையில் விழுந்தாலும் மின்கம்பிக்குக் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் அந்த இடம் வேண்டாம். வேறு இடம் அறவே இல்லையென்றால், வேலை தொடங்கும் முன் தெனாகா நேஷனல் நிறுவனத்திடம் சொல்லி ஆலோசனை கேட்க வேண்டும். கம்பம் சாயத் தொடங்கிவிட்டால் அதைத் தாங்கிப் பிடிக்க முயலக் கூடாது. விட்டுவிட்டு விலக வேண்டும். குழாயின் விலை சில நூறு வெள்ளிதான்.

உயரம்

ஏரியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பது பொதுவான எண்ணம். இதில் பாதி உண்மை. வி.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், பூமியின் வளைவு அவற்றின் எல்லையைத் தீர்மானிக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அடிவானம்வரை அலை செல்லும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 9 மீட்டர் உயர ஏரியலுக்கு இது சுமார் 12 கிலோமீட்டர். படகில் 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரியலுக்குச் சுமார் 8 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 20 கிலோமீட்டர் அளவுக்குப் பேசலாம். கரையில் உள்ள ஏரியலின் பங்கை 12லிருந்து 24 ஆக்க வேண்டுமானால், அதன் உயரத்தை நான்கு மடங்காக்கி 36 மீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆக, இன்னும் நாலடி உயர்த்தலாம் என்று ஒருவரை மேலே அனுப்புவதால் கிடைக்கும் பயன் அற்பம், அவர் ஏற்கும் ஆபத்தோ பெரிது. ஊர்வலத்துக்கும் கோவில் வளாகத்துக்கும் இரண்டு மாடி உயரமே தாராளம்.

மேலே ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் முழு உடல் பாதுகாப்பு வார் அணிந்து ஏற வேண்டும். அதில் இரண்டு கொக்கிக் கயிறுகள் இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி மேலே மாட்டும்போது மற்றொன்று பூட்டியே இருக்க வேண்டும். இடுப்புப் பட்டை மட்டும் போதாது, விழும்போது அது முதுகெலும்பை முறிக்கும். மேலே செல்லும் கருவிகளைக் கயிற்றில் கட்ட வேண்டும். கீழே நிற்பவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும். கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் பிள்ளைகள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய இரண்டு சிக்கல்களும் உண்டு. முதலாவது மண். கீழ்ப் பேராக்கின் களிமண்ணும் சதுப்புக் கரிமண்ணும் மென்மையானவை. தாங்குகம்பியின் முளையை அடித்த அன்று அது உறுதியாக நிற்கும். பத்து நாள் மழைக்குப் பிறகு மெல்ல மெல்ல மேலே வரும். ஆகவே கான்கிரீட் அடித்தளத்தில் முளையைப் பதிக்க வேண்டும். தாங்குகம்பிகளைச் சம இடைவெளியில் மூன்று திசைகளில் இழுத்துக் கட்ட வேண்டும், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, கடற்காற்றின் உப்பு. வெளிப்பார்வைக்குப் புதிதாகத் தெரியும் கம்பியும், கவ்வி பிடிக்கும் இடத்தில் உள்ளே துருவேறி இற்றுப் போயிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை கவ்விகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். துருவைக் கண்டால் மாற்றிவிடுங்கள். வண்ணம் பூசி மறைக்காதீர்கள்.

பெரிய நாடுகளில் நடந்தவை

படிப்பும் வசதியும் உள்ள நாடுகளில் இப்படி நடக்காது என்று எண்ண வேண்டாம். 1982ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகருக்கு அருகே மிசூரி சிட்டியில், சுமார் 1,800 அடி உயர ஒலிபரப்புக் கோபுரத்தின் உச்சிக்கு ஏரியலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூக்குவதற்கென்று அமைந்த பிடிகளைப் பயன்படுத்த முடியாதபடி ஏரியலின் பக்கவாட்டுப் பாகங்கள் இடைஞ்சலாக இருந்தன. அதற்காகத் தொழிலாளர்கள் தாங்களே நீட்டிப்புப் பிடி ஒன்றைச் செய்தார்கள். அதன் திருகாணிகள் பாரம் தாங்கவில்லை. விழுந்த ஏரியல் கோபுரத்தின் தாங்குகம்பியை அறுத்தது. கோபுரமே சரிந்து, ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர்.

போலந்தில் கான்ஸ்டான்டினோவ் என்ற இடத்தில் 1974இல் கட்டி முடிக்கப்பட்ட வானொலிக் கம்பம் 646 மீட்டர் உயரம். அக்காலத்தில் உலகிலேயே உயரமான அமைப்பு அது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், தாங்குகம்பிகளைப் புதுப்பிக்கும் பணியின்போதே அது நொறுங்கி விழுந்தது. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் இல்லை. காற்றையும் பனியையும் பல ஆண்டுகள் தாங்கி நின்ற கம்பம், பராமரிப்பு வேலை நடந்த நாளில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பழைய கம்பியைத் தளர்த்தும் முன் தற்காலிகக் கம்பி தாங்குகிறதா என்று பார்ப்பது, 646 மீட்டர் கம்பத்துக்கும் நம் முப்பதடிக் குழாய்க்கும் பொதுவான பாடம்.

பெட்டிக்குள் உறங்கும் மின்சாரம்

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்பது தவறான நம்பிக்கை. வால்வு வைத்த பழைய ஒலிபரப்புக் கருவிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு. அதைச் சேர்த்துவைக்கும் கண்டென்சர்கள், மின்சாரம் நின்ற பிறகும் நெடுநேரம் அதை விடாமல் வைத்திருக்கும். 50 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றில் 3,000 வோல்ட் நின்றால், அதில் இருக்கும் ஆற்றல் 225 ஜூல். மருத்துவமனையில் நெஞ்சில் வைத்து இதயத்தை அதிரவைக்கும் கருவி கொடுக்கும் அதிர்வும் இந்த அளவைச் சேர்ந்ததுதான். நோயாளிக்கு அது உயிர் தரும், நல்ல உடம்புக்கு உயிரை எடுக்கும்.

ஆகவே மூடியைத் திறந்ததும் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, எர்த்தில் இணைத்த, காப்புப் பிடியுள்ள கோலால் கண்டென்சரின் முனைகளைத் தொட்டு மின்சாரத்தை வடித்துவிட வேண்டும். பிறகு மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும். வேலை முடியும்வரை கோல் அங்கேயே தொங்கட்டும். கதவைத் திறந்தால் மின்சாரம் நிற்கும்படி அமைத்த பாதுகாப்புச் சுவிட்சை, வேலை எளிதாக வேண்டும் என்று கட்டிப்போடுவது தற்கொலைக்குச் சமம். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். தனியாக ஒருபோதும் வேலை செய்யக் கூடாது.

பழைய பொருள்களை உடைக்கவும் வேண்டாம். சில ஒலிபரப்பு டிரான்சிஸ்டர்களிலும் வால்வுகளிலும் உள்ள வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடால் ஆனது. முழுதாக இருக்கும்போது அதனால் தீங்கில்லை. உடைத்தாலோ அரைத்தாலோ கிளம்பும் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பழைய கண்டென்சர்கள் சிலவற்றின் எண்ணெயும் நச்சுத்தன்மை உடையது.

அலைகளைப் பற்றி

இனி எல்லாரும் அஞ்சும் அலைகளுக்கு வருவோம். வானலை, எக்ஸ்ரே போன்றதன்று. அணுக்களைச் சிதைக்கும் வலிமை அதற்கு இல்லை. அளவு மீறினால் உடல் திசுவைச் சூடாக்கும். பொதுமக்களுக்கான அனைத்துலக வரம்பு, வி.எச்.எஃப். அலைவரிசைகளில் சதுர மீட்டருக்கு 2 வாட். படகுகளில் நிலையாகப் பொருத்தும் செட்டின் உச்ச ஆற்றல் 25 வாட். சாதாரண ஏரியலுடன் அது இயங்கினால், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றாலே அலையின் அளவு வரம்புக்குள் வந்துவிடும். தகரக் கூரையின் எதிரொலிப்பையும் எண்ணி, 3 மீட்டர் விலகியிருப்பது நலம். கிளேடாங் மலை போன்ற உச்சிகளில் உள்ள ஒலிபரப்பு நிலையங்களின் ஆற்றல் இதைவிடப் பல மடங்கு. அங்கே வேலி போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வேலியைத் தாண்ட வேண்டாம்.

ஆனால் ஏரியலைக் கையால் பிடித்திருக்கும்போது கீழே ஒருவர் பேசும் பொத்தானை அழுத்தினால், தொட்ட இடம் வெந்துவிடும். இந்தத் தீப்புண் தோலின்மேல் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும். திடுக்கிட்டுக் கைவிட்டுக் கீழே விழுவது அதைவிடக் கொடியது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. செட்டின் பிளக்கையோ பியூசையோ கழற்றி, மேலே ஏறுபவர் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இறங்கிவந்து மாட்டும்வரை வேறு யாராலும் செட்டை இயக்க முடியாது.

இடியும் ஈரமும்

உலகில் இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் தீபகற்ப மலேசியாவும் ஒன்று. மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே இறங்கிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் மறுபடி ஏறக் கூடாது. கம்பத்தையும், ஏரியல் வடத்தின் வெளியுறையையும், கட்டடத்தின் எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் ஒன்றாக இணைக்க வேண்டும். தனித்தனி எர்த் இருந்தால் இடி விழும் நேரத்தில் இரண்டுக்கும் இடையே பேரழுத்தம் எழுந்து, கருவியையும் அதைத் தொட்டிருப்பவரையும் தாக்கும். கோபுரக் கலசமே இடிதாங்கி என்று சொல்வார்கள். உச்சியிலிருந்து தரைவரை முறையான செம்புக் கடத்தி இல்லாமல் அது இடிதாங்கி ஆகாது. கலசத்திலோ விமானத்திலோ ஏரியலைக் கட்டுவது ஆகமத்துக்கும் பொருந்தாது, அறிவுக்கும் பொருந்தாது.

கோவிலில் நாம் வெறுங்காலோடு நிற்கிறோம். அபிடேக நீரால் தரை ஈரமாகவே இருக்கும். ஈரத் தரையுள்ள இடங்களில் 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை சொல்கிறது. வீட்டில் பொதுவாக இருக்கும் 100 மில்லியாம்பியர் கருவி, ஈரக்காலோடு நிற்பவரைக் காக்கப் போதாது. உங்கள் ஆலயத்தின் மின்பெட்டியைத் திறந்து என்ன பொருத்தியிருக்கிறது என்று தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு இந்த மாதமே பாருங்கள். பேட்டரி வைத்திருக்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும். அதில் மின்சாரம் ஏற்றும்போது வெளிவரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஜெனரேட்டரை மண்டபத்துக்குள் வைக்கவே கூடாது, அதன் புகையில் மணமற்ற நச்சு உண்டு.

ஆபத்து நேர்ந்தால்

மின்சாரம் பட்டவரை ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். உயரழுத்தக் கம்பி என்றால் நெருங்கவே வேண்டாம், கட்டையால் தள்ளவும் வேண்டாம். 999 எண்ணை அழையுங்கள். மின்சாரம் நின்றது உறுதியான பின், அவருக்கு மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம், களைத்தால் ஆள் மாறிக்கொள்ளுங்கள். எழுந்து நடப்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உள்காயம் பிறகுதான் தெரியும்.

நிர்வாகத்தின் கடமை

சட்டமும் நம்மைக் கவனிக்கிறது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்படி, அனுமதி பெறாத அலைவரிசையில் பேசுவது குற்றம். ஆணையத்தின் சான்றுபெற்ற கருவிகளையே வாங்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. குத்தகைக்காரரை அமர்த்தும்போது, உயரத்தில் ஏறுவதற்கு அவர் ஆள்களுக்குப் பயிற்சி உண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இவையனைத்திலும் முக்கியமாக நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. விழாக் குழுவில் பந்தலுக்கு ஒருவர், அன்னதானத்துக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுக்கிறோம். அதுபோல, மின்சார வேலைக்கும் கம்பம் ஏறும் வேலைக்கும் ஒரு காவலரை நியமியுங்கள். அவர் குழாயைப் பிடிக்கக் கூடாது, கயிற்றை இழுக்கக் கூடாது. நின்று பார்ப்பதும், வேண்டும்போது “நிறுத்துங்கள்” என்று சொல்வதும் மட்டுமே அவர் வேலை. அவர் சொன்னால், தலைவரே ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் நிறுத்த வேண்டும். இருட்டினாலும் தூறினாலும், வேலையை மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். ஏரியல் இல்லாமல் விழா நடக்கும். நம் பாட்டன்மார் தோட்டத்துக் கோவில்களில் அப்படித்தான் சிறப்பாக நடத்தினார்கள்.

தொண்டு செய்ய வரும் பிள்ளையை நம்மை நம்பித்தான் அவன் தாய் அனுப்புகிறாள். விழா முடிந்ததும் கையில் பிரசாதத்தோடு அவனை முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் நம் அறப்பணியில் சேர்ந்ததே. அனைவரும் நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகிறேன்.